தும்மலுக்கும் அரியருக்கும் என்ன சம்பந்தம்?

ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் பழக்கம். காலையில் அலாரம் அடிக்கிறதுக்கு முன்னாடியே யாரோ ஒருத்தர் தும்ம ஆரம்பிப்பார். ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையா பத்துப் பதினஞ்சு. பக்கத்து ரூமில் இருப்பவர்கள் எண்ணிக்கை சொல்லிக் கலாய்ப்பார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கிளாஸுக்கு வந்து உட்காருவார். கேட்டால், "டஸ்ட் அலர்ஜிதான்டா, விடு" என்பார்.

அந்த "விடு"தான் எனக்குப் பிரச்சினையாகப் படுகிறது. அலர்ஜி மூக்கடைப்பை நாம் நோயாகவே எண்ணுவதில்லை. காய்ச்சல் இல்லை, யாரும் அட்மிட் ஆவதில்லை, லீவு கேட்டால் கொடுக்கவும் மாட்டார்கள். அதனால் மெடிக்கல் ஷாப்பில் "தும்மலுக்கு ஒரு மாத்திரை குடுங்கண்ணா" என்று கேட்டு, கையில் கிடைத்ததைப் போட்டுக்கொள்கிறோம். இப்படி அலட்சியமாக விடுவதுதான் நம்மில் பலருக்குத் தெரியாமலே மார்க்கைத் தின்கிறது என்பது என் கருத்து. சும்மா சொல்லவில்லை, ஆராய்ச்சி இருக்கிறது.

இங்கிலாந்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மாதிரியான ஜி.சி.எஸ்.இ. தேர்வு மே, ஜூன் மாதங்களில் நடக்கும். அங்கே புல் மகரந்தம் காற்றில் நிறையப் பறக்கும் காலமும் அதுதான். இந்த ரெண்டும் மோதினால் என்ன ஆகும் என்று ஒரு குழு பார்த்தது. 15 முதல் 17 வயதுக்குட்பட்ட 1,834 மாணவர்கள். குளிர்காலத்தில் எழுதிய மாதிரித் தேர்வின் கிரேடையும் கோடையில் எழுதிய உண்மைத் தேர்வின் கிரேடையும் ஒப்பிட்டார்கள். ஆய்வு 2007-இல் வெளியானது. தேர்வு நாட்களில் மூக்கு அலர்ஜி அறிகுறி இருந்தவர்களுக்கு ஏதாவது ஒரு முக்கியப் பாடத்தில் கிரேடு இறங்கும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம் அதிகம். தூக்கம் வரவைக்கும் வகை அலர்ஜி மாத்திரை எடுத்தவர்களுக்கு அது சுமார் 70 சதவீதம்.

ரெண்டாவது எண்ணை இன்னொரு தடவை படிங்க. மாத்திரை போட்டவர்களுக்கு நிலைமை மோசம்! இது கேஸ்-கண்ட்ரோல் ஆய்வு. அதனால் "மாத்திரையால்தான் மார்க் போச்சு" என்று அடித்துச் சொல்ல முடியாது. அறிகுறி ரொம்ப மோசமாக இருந்தவர்கள்தான் அந்த மாத்திரையைத் தேடிப் போயிருக்கலாம். ஆனால் அந்த மாத்திரை மூளையில் என்ன செய்கிறது என்பது தனியாகவே தெரிந்த விஷயம்.

உடம்புக்குள் நடப்பது இதுதான். தூசியோ மகரந்தமோ மூக்கில் படும்போது, ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புப் புரதம் அதைப் பிடித்து, மாஸ்ட் செல்களை உசுப்பிவிடும். அந்த செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டும். அதனால்தான் அரிப்பு, தும்மல், மூக்கிலிருந்து தண்ணி. ஆனால் இதே ஹிஸ்டமின் மூளையில் வேறு வேலை பார்க்கிறது. நம்மை விழிப்பாக வைத்திருப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. குளோர்ஃபெனிரமைன், டைஃபென்ஹைட்ரமின் மாதிரியான பழைய மாத்திரைகள் ரத்தத்திலிருந்து மூளைக்குள் சுலபமாகப் புகுந்துவிடும். மூக்கில் ஹிஸ்டமினைத் தடுக்கப் போன மருந்து மூளையிலும் தடுத்துவிட்டு வரும். ஜப்பானில் டோஹோக்கு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை பெட் ஸ்கேனில் படமாகவே எடுத்தார்கள். வெறும் 2 மில்லிகிராம் குளோர்ஃபெனிரமைன் மூளையின் ஹிஸ்டமின் ஏற்பிகளில் ஏறக்குறைய பாதியை அடைத்துவிடுகிறது. ஃபெக்ஸோஃபெனடின் கிட்டத்தட்ட ஒன்றையும் தொடவில்லை. பலரும் வாங்கும் செட்டிரிசின் இரண்டுக்கும் நடுவில், ஃபெக்ஸோஃபெனடினுக்குப் பக்கத்தில் நிற்கிறது. சிலருக்கு அதிலும் தூக்கம் வரும்.

"நைட் போட்டுட்டுத் தூங்கிட்டா காலையில சரியாயிடும்ல?" என்று கேட்பீர்கள். குளோர்ஃபெனிரமைன் உடம்பில் பாதியாகக் குறையவே பெரியவர்களுக்குச் சுமார் 20 மணி நேரம் ஆகும். ராத்திரி பத்து மணிக்குப் போட்டால், காலை பத்து மணி எக்ஸாமிலும் அது உங்களோடுதான் ஹாலில் உட்கார்ந்திருக்கும்.

"எனக்குத் தூக்கமே வரல, நான் நார்மலாத்தான் இருக்கேன்" என்பதையும் நம்ப வேண்டாம். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் கார் ஓட்டும் சிமுலேட்டரில் ஒரு சோதனை செய்தார்கள். 2000-இல் வெளியானது. டைஃபென்ஹைட்ரமின் எடுத்தவர்கள் சில அளவுகளில் மது அருந்தியவர்களைவிட மோசமாக ஓட்டினார்கள். ஃபெக்ஸோஃபெனடின் எடுத்தவர்கள், மருந்தே இல்லாத மாத்திரை எடுத்தவர்களைப் போலத்தான் ஓட்டினார்கள். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், "எவ்வளவு தூக்கமா இருக்கு?" என்று கேட்டு வாங்கிய பதிலை வைத்து, ஒருவர் எவ்வளவு மோசமாக ஓட்டுவார் என்று சொல்ல முடியவில்லை. டைஃபென்ஹைட்ரமின் நம்ம ஊர் இருமல் டானிக்குகள் சிலவற்றிலும் இருக்கிறது. குடித்துவிட்டு பைக் எடுப்பவர்கள் யோசிக்கவும்.

இப்போ உங்க டேபிள் டிராயரில் கிடக்கிற சளி மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்க. பெரும்பாலும் மூன்று பெயர் இருக்கும்: பாராசிட்டமால், குளோர்ஃபெனிரமைன், ஃபினைல்எஃப்ரின். அலர்ஜியில் காய்ச்சல் கிடையாது; ஆகவே முதலாவது வீண். இரண்டாவது தூங்க வைக்கும். மூன்றாவது மூக்கடைப்பைத் திறக்கத்தான் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் வாய்வழியாகச் சாப்பிடும்போது அதில் பெரும்பகுதி ரத்தத்துக்குப் போகும் முன்பே சிதைந்துவிடுகிறது. 2023 செப்டம்பரில் அமெரிக்க எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு, மாத்திரையாகச் சாப்பிடும் ஃபினைல்எஃப்ரின் மூக்கடைப்புக்கு வேலை செய்வதில்லை என்று ஒருமனதாகச் சொன்னது. 2024 நவம்பரில் எஃப்.டி.ஏ. அதைக் கடைச் சரக்கிலிருந்து நீக்க முன்மொழிந்தது. ஆக, காசு கொடுத்து வாங்கிய மூன்றில் உங்கள் அலர்ஜிக்கு வேலை செய்வது ஒன்றுதான். அதுவும் தூங்க வைக்கிற ஒன்று!

சரி, அப்போ எதுதான் வேலை செய்யும்? உலகளவில் பின்பற்றப்படும் ஏரியா வழிகாட்டுதல் 2001-இல் வந்ததிலிருந்து பலமுறை புதுப்பிக்கப்பட்டுவிட்டது. தொடர்ந்து தொல்லை தரும் மூக்கு அலர்ஜிக்கு அது முன்னால் வைப்பது மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே. மூக்கடைப்பைக் குறைப்பதில் மாத்திரையைவிட அது மேல். ஆனால் நம்மிடம் ரெண்டு பயம் இருக்கு. ஒன்று, "ஸ்டீராய்டா? ஐயோ!" மாத்திரையாக மாதக்கணக்கில் சாப்பிடும் ஸ்டீராய்டும் இதுவும் ஒன்றல்ல. ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்ப்ரேக்களில் ரத்தத்துக்குள் போகும் அளவு மிகமிகக் குறைவு. ரெண்டாவது, "அடிச்சா பழகிடும், அப்புறம் அது இல்லாம முடியாது." இந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் அது வேறொரு மருந்துக்குப் பொருந்துவது. அடித்த ஐந்தே நிமிஷத்தில் மூக்கைத் திறந்துவிடும் சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் சொட்டு மருந்துகளைச் சில நாட்களுக்கு மேல் விட்டால், மருந்து இறங்கியதும் மூக்கு முன்பைவிட அதிகமாக அடைக்கும். அதைத் திறக்க மறுபடி சொட்டு மருந்து. அந்த வலையில் சிக்கியவர்கள் ஒவ்வொரு டிபார்ட்மென்டிலும் இருப்பார்கள். பாட்டில் ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் கெட்ட பெயர் ஸ்டீராய்டு ஸ்ப்ரேவுக்கு வந்துவிட்டது.

ஸ்டீராய்டு ஸ்ப்ரே உடனே வேலை காட்டாது. முழுப் பலன் தெரியப் பல நாட்கள், சிலருக்கு ரெண்டு வாரம்கூட ஆகும். முதல் நாள் அடித்துவிட்டு "வேஸ்ட்" என்று தூக்கிப் போடுபவர்கள்தான் அதிகம். அடிக்கிற விதமும் முக்கியம். வலது கையால் இடது மூக்கிலும், இடது கையால் வலது மூக்கிலும், முனை காது பக்கம் பார்க்கும்படி பிடிக்க வேண்டும். மூக்கின் நடுச்சுவரில் அடித்தால் எரியும், ரத்தம் வரலாம். நான் டாக்டர் இல்லை. எந்த ஸ்ப்ரே, எத்தனை நாள் என்பதை ஒரு இ.என்.டி. டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் எதைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பது இப்போ உங்களுக்குத் தெரியும்.

மருந்து பாதிதான். மீதி, நாம் படுக்கிற இடம். "டஸ்ட்" என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் பலருக்கு வில்லன் தூசிப் பூச்சி. நெதர்லாந்தின் லைடன் ஆய்வாளர்கள் 1964-இல் கண்டுபிடித்துச் சொன்னது இது. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. நம் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழும். அதன் கழிவில் உள்ள புரதம்தான் நம் மூக்கைச் சீண்டுகிறது. அதற்குத் தண்ணீர் குடிக்கத் தெரியாது, காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் வாழும். காற்றின் ஈரப்பதம் நீண்ட நாட்கள் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் காய்ந்து செத்துப்போகும். நம்ம ஊர் நவம்பர்-டிசம்பர் செமஸ்டரை யோசிச்சுப் பாருங்க. வடகிழக்குப் பருவமழை, ஜன்னல் சாத்திய ரூம், உள்ளேயே காயும் துணி, நாலு வருஷமா வெயில் பார்க்காத மெத்தை. எக்ஸாம் டைம்டேபிளும் பூச்சிக்குப் பிடித்த சீசனும் ஒண்ணா வருது.

இதற்கு ஒரே ஒரு பொருளை வாங்கிப் போட்டால் தீர்ந்துவிடாது. பூச்சி புகாத மெத்தை உறையை மட்டும் போட்டுப் பார்த்த ஒரு பெரிய டச்சு ஆய்வு 2003-இல் வந்தது. மெத்தையில் பூச்சிப் புரதம் குறைந்தது, ஆனால் ஒரு வருஷம் கழித்தும் நோயாளிகளுக்கு அதனால் கூடுதல் நிவாரணம் இல்லை. பல வேலைகளைச் சேர்த்துச் செய்ய வேண்டும். பெட்ஷீட்டையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பது, மெத்தையை வெயிலில் போடுவது, துணியை ரூமுக்குள் காயப்போடாமல் இருப்பது, ஃபேன் இறக்கையை ஈரத்துணியால் துடைப்பது. இதில் முக்கால்வாசி நமக்குத் தனியாகச் செய்ய முடியாது. வெந்நீரும் மொட்டை மாடிச் சாவியும் வார்டனிடம் இருக்கின்றன. எனவே இது ஹாஸ்டல் நிர்வாகத்தின் வேலையும்கூட. செமஸ்டர் லீவில் மெத்தைகளை வெயிலில் போட ஒரு நாள், மழைக்காலத்தில் துணி காயப்போட ஒரு காற்றோட்டமான இடம். பெரிய செலவு இல்லை, கேட்டால் கிடைக்கக்கூடியதுதான். ஆனால் தும்மலுக்காக யாரும் போய்க் கேட்டதில்லை.

மார்க் மட்டும்தான் விஷயம் என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். மூக்கும் நுரையீரலும் ஒரே பாதை. மூக்கு அலர்ஜி இருப்பவர்களுக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். 2016 நவம்பர் 21 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஒரு மாலை இடிமழை வந்தது. புயல்காற்றில் புல் மகரந்தம் நுண்துகள்களாக உடைந்து பரவியது. ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறலோடு மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். பத்து பேர் இறந்தார்கள். அன்று பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு அதற்கு முன் ஆஸ்துமா என்று யாரும் சொன்னதில்லை. மூக்கு அலர்ஜி மட்டும் இருந்தது. அதனால் தும்மலோடு ராத்திரியில் இருமல், மாடி ஏறினால் நெஞ்சு இறுக்கம், மூச்சு விடும்போது விசில் சத்தம் இருந்தால் "விடு" என்று சொல்லாதீர்கள். அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.

கடைசியாக நம்ம பக்கத்துக்கு வருவோம். இந்தத் துறை ஆரம்பத்திலேயே ஒரு இன்ஜினியரிங் மூளையைப் பார்த்திருக்கிறது. மான்செஸ்டரில் சார்லஸ் பிளாக்லி என்ற மருத்துவர், தானே மூக்கு அலர்ஜியில் அவதிப்பட்டவர். மேலே காற்றில் எவ்வளவு மகரந்தம் இருக்கிறது என்று அளக்க, ஒட்டும் கண்ணாடித் தகடுகளைப் பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்டார். 1873-இல் புத்தகமாக எழுதினார். நம் நாட்டில் சண்டிகர் நகரத்துக்கு எந்த மாதம் எந்த மகரந்தம் என்று சொல்லும் நாட்காட்டி சில வருஷங்களுக்கு முன்புதான் தயாரானது. நம் ஊர்களுக்கும் அப்படிச் செய்ய நிறைய வேலை மிச்சம் இருக்கிறது. மினி புராஜெக்டுக்கு மறுபடியும் லைன் ஃபாலோயர் ரோபோ செய்யப் போகிறீர்களா? ஒரு டி.எச்.டி.22 சென்சரை ஹாஸ்டல் ரூம் ஒவ்வொன்றிலும் வைத்து, ஒரு செமஸ்டர் முழுக்க ஈரப்பதத்தைப் பதிவு செய்யுங்கள். எந்த ரூம் எத்தனை நாள் 50-க்கு மேல் இருக்கிறது என்ற கிராஃபோடு வார்டனிடம் போனால், அவர் "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்புவது கொஞ்சம் கஷ்டம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது மூணே மூணு. அட்டையைத் திருப்பி மருந்தின் பெயரைப் படிங்க. எக்ஸாமுக்கு ஒரு மாதம் முன்பே டாக்டரைப் பாருங்க, ஸ்ப்ரே வேலை செய்ய நாள் வேணும். காலையில் பக்கத்து ரூமில் தும்மல் கேட்டால் எண்ணிக்கொண்டிருக்காமல், "எந்த மாத்திரைடா போடுற?" என்று கேளுங்க.