நட்சத்திரச் செய்திக்கு அப்பால்

2020 ஆகஸ்ட் 31 அன்று, நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி நிதியாண்டின் முதல் காலாண்டில் 23.9 சதவீதம் சரிந்ததாக மத்திய அரசு அறிவித்தது. ஆனால் செய்தித் தொலைக்காட்சிகளில் பேச்செல்லாம் நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் மரணமும் அவரது தோழியின் வாட்ஸ்அப் உரையாடல்களும்தான். இத்தகைய ஊடக விசாரணை நீதி நிர்வாகத்தில் தலையிடுவதாகும் என்று மும்பை உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் கண்டித்தது. சேனல்கள் பாடம் கற்றனவா?

தமிழ்ச் சேனல்களும் சளைத்தவை அல்ல. ஏதோ ஒரு நடிகரின் விவாகரத்துக்கு ஒரு மணிநேர விவாதம். ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளி விலை படுத்து, பறிகூலிக்கே கட்டுபடியாகாமல் விவசாயி பழத்தைச் செடியிலேயே விட்டால், அது திரையின் அடியில் ஓடும் ஒற்றை வரி. சின்னாளபட்டி நெசவாளரின் கூலிப் பிரச்சினைக்கு அந்த வரியும் கிடைப்பதில்லை.

காரணம் டிஆர்பி எனும் பார்வையாளர் மதிப்பீடு, அதன் பின்னால் வரும் விளம்பரப் பணம். காந்தி தமது 'யங் இந்தியா', 'நவஜீவன்' இதழ்களில் விளம்பரமே வாங்கவில்லை. அவர் பெயரில் 1947-இல் உருவான காந்திகிராமத்து மண்ணிலிருந்து பேசும் நாம் அவ்வளவு கேட்கவில்லை. மாவட்டந்தோறும் முழுநேர நிருபர், அவர் தரும் செய்திக்கு முக்கிய நேரத்தில் அரை மணி: இதையாவது சேனல்கள் செய்யட்டும். வம்புச் செய்தி வந்தால் சேனலை மாற்றுவது நம் பொறுப்பு.