மிட்டாயின் மணம் எங்கிருந்து வந்தது?

களியக்காவிளையில் ஒரு தாய் பஸ்சுக்காகக் காத்து நிற்கிறாள். இடுப்பில் குழந்தை. கடையில் தொங்கும் மிட்டாயைப் பார்த்து அது அழுகிறது. வாங்கிக் கொடுக்கிறாள். அழுகை நிற்கிறது. ஆரஞ்சு வாசனை கமகமவென்று வீசுகிறது.

அந்த மிட்டாயில் ஆரஞ்சுப் பழம் ஒரு துளிகூட இல்லாமல் இருக்கலாம். மணம் புட்டியில் இருந்து வந்தது. "எசன்ஸ்" என்கிறோமே, அதுதான். அது குழந்தைக்குக் கெடுதல் செய்யுமா?

எது நல்லது?

மரத்தில் விளைந்தது எல்லாம் நல்லது, ஆலையில் செய்தது எல்லாம் விஷம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. வனிலாக் காய்க்கு மணம் தருவது "வனிலின்" என்ற பொருள். அதையே ஆலையிலும் செய்கிறார்கள். இரண்டும் ஒன்றே.

மசாலாப் பட்டையோ மரத்தில் விளைவது. ஆனால் "காசியா" என்னும் தடித்த பட்டையில் "கூமரின்" என்ற பொருள் இருக்கிறது. அது அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். மெல்லிய ஏடாகச் சுருண்டிருக்கும் இலங்கைப் பட்டையில் அது மிகக் குறைவு. கூமரினைத் தனியாக எடுத்து உணவில் மணத்துக்காகச் சேர்ப்பதை நம் நாட்டுச் சட்டம் தடுத்திருக்கிறது.

ஆகவே, எங்கே பிறந்தது என்பதைவிட, எவ்வளவு உள்ளே போகிறது என்பதே முக்கியம்.

நூற்றில் ஒரு பங்கு

அளவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எலி முதலிய பிராணிகளுக்கு அந்தப் பொருளைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். எந்த அளவு வரை கெடுதல் இல்லை என்று குறித்துக் கொள்கிறார்கள். பெரும்பாலும் அதில் நூற்றில் ஒரு பங்கைத்தான் மனிதனுக்கு அனுமதிக்கிறார்கள். எலி வேறு, மனிதன் வேறு. மனிதரிலும் குழந்தையும் கிழவரும் உண்டு அல்லவா?

இதற்கான உலக நிபுணர் குழு முதலில் கூடியது 1956-ம் ஆண்டு. அதே ஆண்டு நவம்பர் 1-ந் தேதிதான் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. களியக்காவிளை எல்லை ஊரானது. இன்று எல்லைக்கு இருபுறமும் உணவுச் சட்டம் ஒன்றே. அது 2006-ம் ஆண்டின் சட்டம்.

யாருக்குத் தெரியும்?

சட்டம் இருக்கிறது. ஆனால் அந்தத் தாய்க்கு அதனால் என்ன பயன்? பொட்டலத்தில் மணம் சேர்த்திருப்பதை எழுத வேண்டும். ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதினால் போதும். தமிழில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவளுக்கு அந்த எழுத்து இருந்தும் இல்லாததுதான். உதிரியாக விற்கும் மிட்டாயிலோ எந்த எழுத்தும் இல்லை.

தமிழ்நாட்டில் விற்கும் பொட்டலத்தில் தமிழும் இருக்க வேண்டும். உணவு அதிகாரிகள் பெரிய கடைகளோடு நில்லாமல், பஸ் நிலையப் பெட்டிக் கடைகளிலும் மாதிரி எடுக்க வேண்டும்.

மக்களுக்கும் ஓர் உரிமை உண்டு. வாங்கிய பண்டத்தில் சந்தேகம் இருந்தால், கட்டணம் கட்டி, அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். குற்றம் உறுதியானால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். இதைச் சட்டமே சொல்கிறது.

பெற்றோர்களே! வாசனையை மூக்கு சொல்லும், ஆபத்தைச் சொல்லாது. விலாசம் இல்லாத மிட்டாயைக் குழந்தைக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். அது அழுதால், ஒரு வாழைப்பழம் வாங்கிக் கொடுங்கள்.