எழுத்தை ஆளும் மொழி

உயர்தர வகுப்பிற்குப் பாடந் தெரியுங் காலம் வருந்தோறும் எம்மவர் இல்லங்களில் ஒரு பிரிவினை நிகழ்கின்றது. கணக்கில் வல்ல பிள்ளைக்குக் கணினி. தமிழும் வரலாறும் பயிலும் பிள்ளைக்குப் புத்தகமும் பேனாவும். கணினிக்கும் இலக்கணத்துக்கும் யாதொரு தொடர்புமில்லை என்பதே இப்பிரிவினைக்கு அடிப்படை. இக்கொள்கை எத்துணைப் பிழையானது என்பதைக் காட்டுதற்கு ஒரு கணினி மொழியின் வரலாறே போதுமானது. அம்மொழியின் பெயர் பேர்ள். இவ்வாரம் அதனைக் குறித்துச் சில கூற விழைகின்றோம்.

மொழியியலார் ஆக்கிய மொழி

பேர்ள் மொழியை ஆக்கியவர் லறி வோல் என்னும் அமெரிக்கர். அவர் மொழியியல் பயின்றவர். எழுத்து வடிவம் பெறாத மொழியொன்றைக் கண்டறிந்து அதற்கு எழுத்தமைத்துக் கொடுத்தல் வேண்டுமென்பது அவரும் அவர்தம் மனைவியாரும் கொண்டிருந்த நோக்கமாகும். உடல்நலக் குறைவினால் அந்நோக்கம் கைகூடவில்லை. பின்னர் அவர் கணினித்துறையிற் பணிபுரிந்த காலத்தில், பல கோப்புகளிற் சிதறிக் கிடந்த செய்திகளைத் திரட்டி அறிக்கையாக்கும் வேலை அவர்பால் வந்தது. அந்நாளில் வழக்கிலிருந்த சிறு கருவிகள் அவ்வேலைக்குப் போதாமையின், தாமே ஒரு மொழியை ஆக்கி, 1987 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் உலகினர்க்கு இலவசமாக வழங்கினார்.

இத்தகைய மொழிகளை ஸ்கிரிப்ட் மொழிகள் என்பர். சீ போன்ற மொழிகளில் எழுதிய நிரலை முதலிற் பொறிமொழியாகத் தொகுத்து, அதன் பின்னரே இயக்குதல் வேண்டும். ஸ்கிரிப்ட் மொழியிலோ எழுதிய நிரலை அவ்வாறே இயக்கிப் பார்க்கலாம். பத்து வரியில் ஒரு வேலை முடியும். பிழையிருப்பின் அடுத்த கணமே திருத்தலாம். வீட்டு மேசையிலிருந்து தனியே பயிலும் மாணாக்கர்க்கு இஃது ஒரு பெரும் வசதியாகும்.

மொழியியல் கற்றவர் ஆக்கிய மொழியாதலின், பேர்ளில் இயற்கை மொழிகளின் சாயல் பல காணப்படுகின்றன. ஒரு பொருளைக் குறிக்கும் பெயருக்கு ஓர் அடையாளமும், பல பொருள்களின் தொகுதியைக் குறிக்கும் பெயருக்கு வேறோர் அடையாளமும் முன்னே இடப்படும். எமது இலக்கணத்தார் கூறும் ஒருமை பன்மை போன்றது இது. ஒரே ஆணை, ஒருமை வேண்டிய இடத்தில் ஒரு விடையையும் பன்மை வேண்டிய இடத்தில் வேறு விடையையும் தருதல் உண்டு. ‘அது’ என்னுஞ் சுட்டுப்பெயரைப் போல, கையிலெடுத்த பொருளைப் பெயர் கூறாது சுட்டுதற்கும் வழியுண்டு. இவற்றை முதன்முறை காணும் கணித மாணாக்கன் சற்றுத் திகைப்பான். நன்னூல் பயின்ற மாணாக்கனுக்கோ இவை பழகிய முகங்களாகத் தோன்றும்.

மரத்தைத் தேடும் வேலை

பேர்ளின் சிறப்பெல்லாம் அதன் சொற்கோலத்திற் றங்கியுள்ளது. ஆங்கிலத்தில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனப்படுவதையே ஈண்டுச் சொற்கோலம் என்கின்றோம். இன்ன சொல்லைத் தேடு என்று கூறாமல், இன்ன வடிவிலமைந்த சொற்களையெல்லாம் தேடு என்று கூறும் முறையே அது. இதன் கணித அடிப்படையை ஸ்டீபன் கிளீனி என்னும் அறிஞர் 1956 இல் வெளியான கட்டுரையில் நிறுவினார். உரையினுள்ளே தேடுதற்கு அதனைப் பயன்படுத்தும் முறையை 1968 இல் கென் தொம்ஸன் விளக்கினார். அதனை மொழியின் நடுவே வைத்து வளர்த்தமையே பேர்ளின் தொண்டு. பைதன், ஜாவாஸ்கிரிப்ட் முதலிய மொழிகளிலும் பேர்ள் வளர்த்த முறையைப் பெரிதும் ஒட்டியே இன்று சொற்கோலம் எழுதப்படுகின்றது.

ஓர் உதாரணம் கூறுவோம். ஒரு நாவலில் மரம் என்னுஞ் சொல் எத்தனை இடங்களில் வருகின்றது என அறிய விரும்புகின்றோம். ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தை’, ‘மரத்தில்’, ‘மரங்கள்’ என்பன அகப்படா. ‘மர’ என்று மட்டும் தேடினாலோ மரபு, மரணம், மரகதம், சமையலறை மரக்கறி யாவும் வந்து குவியும். அப்பொழுது சொற்கோலம் வருமாறு எழுதப்படும்:

மர(ம்|த்த|ங்க)

‘மர’ என்பதன் பின்னே ‘ம்’ அல்லது ‘த்த’ அல்லது ‘ங்க’ வருதல் வேண்டும் என்பது இதன் பொருள். நடுவே நிற்குங் கோடு ‘அல்லது’ எனப் பொருள்படும். மகரவீற்றுப் பெயர் வேற்றுமையுருபு ஏற்கையில் அத்துச்சாரியை பெறும் என்றும், பன்மை விகுதியின் முன் மகரம் ஙகரமாகத் திரியும் என்றும் அறிந்தவனுக்கே இக்கோலத்தை எழுத வரும்.

இதனோடு வேலை முடிந்ததா? முடியவில்லை. ‘கை மரத்துப்போயிற்று’ என்னும் தொடரையும் இக்கோலம் மரமெனவே எண்ணிவிடும். ‘மரக்கிளை’, ‘மரநிழல்’ என்பவற்றை விட்டுவிடும். பெயர் எது, வினை எது, தொகைச்சொல் எது எனப் பகுத்துக் கோலத்தை மேலும் திருத்துதல் வேண்டும். கணினி கணப்பொழுதில் ஆயிரம் பக்கங்களைப் புரட்டும்; ஆயின் எது மரம், எது மரத்தல் என்பதை அதற்குச் சொல்லிக் கொடுப்பவர் தமிழறிந்தவராய் இருத்தல் வேண்டும். அவ்வறிவின்றிச் செய்த கணக்குப் பிழைபடுவது மட்டுமன்று, பிழை என்பதே புலப்படாமலும் போகும்.

மூன்றா, ஐந்தா, பதினைந்தா?

இன்னும் அடிப்படையான ஒரு சோதனையுண்டு. ‘தமிழ்’ என்னுஞ் சொல்லில் எத்தனை எழுத்துகள்? த, மி, ழ் என மூன்று என்று முதலாம் வகுப்புப் பிள்ளையும் கூறும். கணினியைக் கேட்போம். எழுத்துமுறை இன்னதென்று அறிவியாது கேட்டால் 15 என்னும். அறிவித்த பின் கேட்டால் 5 என்னும்.

இதன் காரணம் யாதெனில், யுனிகோட் முறையில் உயிர்மெய்க்குத் தனிக்குறியீடு இல்லை. ‘மி’ என்பது மகரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். ‘ழ்’ என்பது ழகரமும் புள்ளியும் சேர்ந்த இரண்டு. தகரம் ஒன்றுடன் குறியீடுகள் ஐந்தாயின. வழக்கமான சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைற்று இடங்கொள்ளும், ஆதலின் பதினைந்து. கட்புலனுக்கு ஓரெழுத்தாகத் தோன்றுவதை ஓரெழுத்தாகவே எடுத்துக்கொள்ளும் தனிக்குறியும் பேர்ளில் உண்டு. அதனைப் பயன்படுத்தினாற்றான் மூன்று என்னும் விடை வரும்.

அகரவரிசையும் அவ்வாறே. யுனிகோட் அட்டவணையில் றகரம் ரகரத்தின் அடுத்தும், னகரம் நகரத்தின் அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. மரம், மலர், மறம் என்பதே எமது அகராதி வரிசை. குறியீட்டெண்ணை மட்டும் நோக்கி அடுக்கும் நிரல், மரம், மறம், மலர் என்று அடுக்கும். ‘பயிர்’ என்பதன் முன்னே ‘பனை’யைக் கொண்டு வைக்கும். ‘கொ’ என்னும் எழுத்தை ஒரே உயிர்க்குறியாலும் எழுதலாம், கொம்பும் காலும் என இரு குறிகளாகவும் எழுதலாம்; திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாது. இக்குறைகளை நீக்கும் தொகுதிகள் ஆயத்தமாகவே உள்ளன. ஆயினும், குறை உண்டென்று அறிந்தவரன்றோ அவற்றைத் தேடிச் செல்வர்!

வலையின் வாயிலில்

உலகளாவிய வலை பரவத் தொடங்கிய காலத்திற் பேர்ளுக்குப் புதியதோர் வாழ்வு கிடைத்தது. வலைப்பக்கத்திலுள்ள படிவத்தை ஒருவர் நிரப்பி அனுப்ப, அதனைப் பெற்று ஒரு நிரலிடம் ஒப்படைக்கும் முறை 1993 இல் வகுக்கப்பட்டது. படிவம் என்பதும் எழுத்தே. விடையாக அனுப்பும் பக்கமும் எழுத்தே. ஆதலின் எழுத்தை ஆளும் மொழியே அவ்வேலைக்கு ஏற்றதாயிற்று. 2001 ஆம் ஆண்டில் விக்கிப்பீடியா தொடங்கியபோது அதனை இயக்கியதும் பேர்ளில் எழுதிய ஒரு நிரலேயாகும்.

வலை நிரல் எழுதப் புகுவார் முதலிற் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு: வாயிலில் வந்த எதனையும் ஆராயாது உள்ளே விடலாகாது. தேசிய அடையாள அட்டை இலக்கம் கேட்கும் ஒரு படிவத்தை எடுத்துக்கொள்வோம். பழைய அட்டையாயின் ஒன்பது இலக்கங்களும் ஈற்றில் ஓர் ஆங்கில எழுத்தும். 2016 முதல் வந்த புதிய முறையாயின் பன்னிரண்டு இலக்கங்கள். இவ்விரு வடிவத்துள் அடங்காத எதனையும் சொற்கோலம் திருப்பி அனுப்புதல் வேண்டும். அங்ஙனம் ஆராயாது விட்டால், இலக்கத்துக்குப் பதிலாகக் கணினி ஆணையொன்றை எழுதி அனுப்பும் தீயோன் பிறருடைய தரவுகளை அழிக்கவும் களவாடவும் கூடும். புறத்தேயிருந்து வந்த எழுத்தைக் கறைபட்டது எனக் குறித்து, சொற்கோலத்தாற் சோதித்தாலன்றி ஆபத்தான செயல்களுக்கு உதவவிடாத காவல் முறையொன்று பேர்ளில் உண்டு. இக்காவலை நாமே வேண்டி அமர்த்துதல் வேண்டும், தானாக வாராது.

பழைய மொழி பயனுடையதா?

பேர்ள் பழையதன்றோ, இன்று பைதனன்றோ யாவரும் பயில்கின்றனர் என்று சிலர் வினவலாம். வினா நேர்மையானதே. புதிய வேலைகளுக்குப் பேர்ளைத் தெரிபவர் குறைந்துள்ளனர். ஒன்றைச் செய்யப் பல வழிகள் உண்டு என்பதைக் கொள்கையாகக் கொண்டமையின், ஒருவர் எழுதியதை மற்றொருவர் வாசித்தல் கடினம் என்னும் குறையும் அதற்குண்டு. ஆறாம் பதிப்பென 2000 ஆம் ஆண்டில் அறிவித்த வேலை 2015 இலேதான் நிறைவுற்றது. அதுவும் 2019 இல் றாக்கு என்னும் பெயருடன் தனிமொழியாகப் பிரிந்தது. எனினும் ஐந்தாம் பேர்ளின் புதிய பதிப்புகள் இன்றும் ஆண்டுதோறும் வெளிவருகின்றன.

எமது உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் இடம்பெறுவது பைதன். அப்பாடம் பயில்வோர் மேலே கூறிய வேலைகளைப் பைதனிலேயே தொடங்கலாம். அதனால் யாதொரு நட்டமுமில்லை. மொழியின் பெயர் மாறினும் சொற்கோலமும், எழுத்துக்கும் குறியீட்டுக்குமுள்ள வேறுபாடும், வாயிற்காவலும் மாறா. ஆண்டுக்கொரு மொழியின் பெயரைக் கேட்டு, வகுப்புக்கு வகுப்பு பணம் செலுத்திச் சான்றிதழ் சேர்க்கும் பிள்ளையினும், ஒரு மொழியைக் கொண்டு ஒரு வேலையை முற்றச் செய்த பிள்ளை மேலானவன் என்பது எமது துணிபு.

வேலைக்கும் குறைவில்லை. மதுரைத் திட்டம் 1998 முதல் பழந்தமிழ் நூல்களை எழுத்துருவில் இணையத்தில் இலவசமாக வழங்கி வருகின்றது. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பல்லாயிரக்கணக்கிற் பாதுகாத்து வைத்துள்ளது. அவ்விதழ்களிற் பெரும்பாலானவை பக்கங்களின் படங்களாகவே உள்ளன. படத்திலுள்ள பக்கத்தை எழுத்தாக்கி, பிழை களைந்து, அட்டவணை செய்து, தேடுதற்கு எளிதாக்கும் வேலை பெரிது. அதற்குத் தமிழும் நிரலும் ஒருங்கே அறிந்த இளைஞர் வேண்டும். தமிழ் பயில்வோர் கணினியை அஞ்சி ஒதுங்கினால், ‘தமிழ்’ என்னுஞ் சொல்லில் ஐந்தெழுத்து என்று நம்புவோர் கையில் அவ்வேலை சென்று சேரும்.

இவ்விடுமுறையில் மாணாக்கர் செய்து பார்த்தற்கு மூன்று பயிற்சிகளைத் தருகின்றோம். மதுரைத் திட்டத்திலிருந்து விரும்பிய நூலொன்றை எடுத்து, அதன் மூலக்கோப்பை அப்படியே வைத்துவிட்டுப் படியொன்றில் வேலையைத் தொடங்குக. முதலாவது, அந்நூலில் எத்தனை எழுத்துகள் உள என இலக்கண முறைப்படி எண்ணுக. இரண்டாவது, அதிலுள்ள சொற்களையெல்லாம் தமிழ் அகரவரிசையில் அடுக்குக. மூன்றாவது, ‘கல்’ என்னுஞ் சொல் வருமிடங்களைத் திரட்டுக; கற்கள் விடுபடலாகாது, கல்வியும் பகலும் புகலாகாது. மூன்றாவதை முடிக்கப் பல நாட்கள் செல்லும். அந்நாட்களில் வீட்டிலுள்ள இலக்கண நூலைப் பன்முறை திறக்க நேரும் என்பதையும் முன்கூட்டியே கூறி வைக்கின்றோம்.