தலைக்குத் தண்ணீர் ஊற்றியாச்சு... தட்டம்மை போயாச்சா?

"மூணு தண்ணி ஊத்தியாச்சு டாக்டரம்மா. அம்மை சுத்தமா எறங்கிடுச்சு. அப்புறமும் ஏன் இந்தப் புள்ளைக்கு மாசத்துக்கு ஒரு சீக்கு?"

பேரனை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டி என்னிடம் கேட்ட கேள்வி இது. பையனுக்கு இரண்டரை வயது. நாலு மாதத்துக்கு முன்னால் தட்டம்மை கண்டிருக்கிறது. வாசலில் வேப்பிலை செருகி, பத்தியம் காத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, அம்மனுக்குக் கூழும் வார்த்தாகிவிட்டது. ஆனால், அதற்குப் பிறகு ஒரு தடவை நிமோனியா, ஒரு தடவை வயிற்றுப்போக்கு, இப்போது காதில் சீழ்!

"ரத்த டெஸ்ட்கூட எடுத்துட்டோம் டாக்டர். எல்லாம் நார்மல்னுதான் போட்டிருக்கு" என்று ரிப்போர்ட்டை நீட்டினார் பையனின் அம்மா.

பாட்டியின் கவலை நியாயமானது. ரிப்போர்ட்டும் பொய் சொல்லவில்லை. அதெப்படி இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும்? அதைத்தான் இங்கே சொல்ல நினைக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் வீடுகளில் 'அம்மை' என்றால் எல்லாம் ஒன்றுதான். நீர்க் கொப்புளமாக வருகிற சின்னம்மை வேறு. நான் சொல்வது தட்டம்மை. சில ஊர்களில் 'மணல்வாரி' என்பார்கள். கடும் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு என்று ஆரம்பித்து, முகத்தில் தொடங்கி உடம்பெங்கும் மணலைத் தூவினாற்போல செந்தடிப்பு இறங்குமே, அதுதான்.

"தட்டம்மைதானே... சின்ன வயசுல ஒரு தடவை வந்துட்டுப் போனா நல்லது. எதிர்ப்பு சக்தி கூடும்" என்று படித்தவர்கள்கூடச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இது பாதிதான் உண்மை. தட்டம்மை வந்தவருக்கு மறுபடி தட்டம்மை வராமல் இருக்க எதிர்ப்பு சக்தி கிடைக்கிறது, வாஸ்தவம். ஆனால், மற்ற நோய்களுக்கு எதிராக உடம்பு சேர்த்து வைத்திருந்த சக்தியில் ஒரு பங்கை அது கொண்டுபோய் விடுகிறது. ஒரு ரூபாய் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற கதைதான்!

எப்படி நடக்கிறது இது? நம் ரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுக்களில் 'ஞாபக அணுக்கள்' என்று ஒரு வகை உண்டு. ஒரு கிருமியை ஒரு தடவை பார்த்துவிட்டால் அதன் முகத்தை மறக்காது. அடுத்த முறை அதே கிருமி எட்டிப் பார்த்தாலே அடையாளம் கண்டு, அடித்து விரட்ட ஏற்பாடு செய்துவிடும். பத்து வருஷமாக ஒரே காலனியில் வேலை பார்க்கும் வாட்ச்மேன் மாதிரி. யார் உள்ளூர்க்காரர், யார் திருடன் என்று அவருக்கு அத்துப்படி.

தட்டம்மை வைரஸ் குறிவைத்துத் தாக்குவது இந்த அனுபவசாலி வாட்ச்மேன்களைத்தான். காய்ச்சல் நாட்களில் ரத்தத்தில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை குறைகிறது. சில வாரங்களில் திரும்பவும் ஏறிவிடுகிறது. ஆனால் வந்து சேருகிறவர்களில் பலர் புது ஆட்கள். சாதாரண ரத்த டெஸ்ட் தலையை எண்ணும், அனுபவத்தை எண்ணாது! அதனால்தான் ரிப்போர்ட்டில் 'நார்மல்', வீட்டில் மாதம் ஒரு சீக்கு.

இதற்கு நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. 1908-ல் வியன்னாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் கிளமென்ஸ் வான் பிர்கே ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். காசநோய்க்கான தோல் பரிசோதனையில் ஏற்கெனவே 'பாசிட்டிவ்' காட்டிய குழந்தைகளுக்குத் தட்டம்மை கண்ட சமயத்தில் அதே டெஸ்ட் 'நெகட்டிவ்' ஆகியது. உடம்பு, தனக்குத் தெரிந்த கிருமியையே தெரியாத மாதிரி நடந்துகொண்டது!

2015-ல் மைக்கேல் மினா என்ற ஆராய்ச்சியாளரும் அவரது சகாக்களும் இங்கிலாந்து, அமெரிக்கா, டென்மார்க் நாடுகளின் பழைய மரணக் கணக்குகளை அலசினார்கள். தட்டம்மை பரவிய பிறகு, ஏறக்குறைய இரண்டு மூன்று வருஷங்கள் வரை மற்ற தொற்றுநோய்களால் குழந்தைகள் இறப்பதும் கூடியிருந்தது தெரிய வந்தது. 2019-ல் அதே ஆராய்ச்சியாளரும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் எல்லெட்ஜும் சேர்ந்து இன்னொரு ஆய்வை வெளியிட்டார்கள். நெதர்லாந்தில் 2013-ல் தட்டம்மை பரவியபோது தடுப்பூசி போடாத 77 குழந்தைகளிடம், நோய் வருவதற்கு முன்பும் வந்து போன பின்பும் எடுத்த ரத்தத்தை ஒப்பிட்டார்கள். மற்ற கிருமிகளுக்கு எதிராக அந்தப் பிஞ்சுகள் சேர்த்திருந்த ஆன்டிபாடிகளில் 11 முதல் 73 சதவிகிதம் வரை காணாமல் போயிருந்தன.

இதே ஆய்வில் மனசுக்கு நிம்மதி தருகிற விஷயமும் உண்டு. தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தைகளின் ரத்தத்தில் இப்படி எதுவும் அழியவில்லை. ஊசியில் இருப்பதும் உயிருள்ள வைரஸ்தான். ஆனால் பல் பிடுங்கிய பாம்பு. பாடம் கற்றுக் கொடுக்கும், ஞாபகத்தைத் திருடாது.

நம் நாட்டில் தட்டம்மை ஊசி 1985-லிருந்து அரசுத் திட்டத்தில் இருக்கிறது. 2017 பிப்ரவரியில் ரூபெல்லாவையும் சேர்த்துப் போடும் முகாம் முதலில் ஆரம்பித்த மாநிலங்களில் தமிழகமும் ஒன்று. அப்போது வாட்ஸ்அப்பில் கிளம்பிய வதந்திகளும், அதனால் அம்மாக்கள் பயந்ததும் எனக்கு மறக்கவில்லை. ஒன்பது மாதம் முடிந்ததும் ஒரு ஊசி, 16-லிருந்து 24 மாதத்துக்குள் இன்னொன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

அந்தப் பையனுக்கு என்ன ஆனது தெரியுமா? ஒன்பதாம் மாதம் லேசான சளி. "அடுத்த வாரம் போட்டுக்கலாம்" என்று தள்ளிப் போட்டிருக்கிறார்கள். பிறகு மறந்தே போய்விட்டது. லேசான சளி, இருமலுக்காக ஊசியை ஒத்திப்போட வேண்டியதில்லை என்று யாராவது அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வேப்பிலை செருகுவதை நான் கேலி செய்ய மாட்டேன். 'இந்த வீட்டுக்குள் வராதே' என்று ஊருக்கு அறிவித்து, குழந்தையைத் தனியாக வைத்துப் பார்த்துக்கொண்ட பழக்கம் அது. காற்றிலேயே பரவுகிற இந்த நோய்க்கு அது நல்ல புத்திதான். என் வருத்தமெல்லாம், தண்ணீர் ஊற்றிய அன்றோடு கணக்கை முடித்துவிடுகிறோமே என்பதுதான்.

உங்கள் வீட்டுக் குழந்தைக்குத் தட்டம்மை வந்தால் டாக்டரிடம் காட்டாமல் இருக்காதீர்கள். அடுத்தடுத்த இரண்டு நாட்கள் வைட்டமின் 'ஏ' கொடுக்க வேண்டியிருக்கும். வயதுக்கேற்ற அளவை அவர்தான் சொல்ல வேண்டும். பத்தியம் என்று குழந்தையைப் பட்டினி போடாதீர்கள். வந்துபோன தேதியைத் தடுப்பூசி அட்டையில் எழுதி வையுங்கள். அடுத்த இரண்டு மூன்று வருஷம் எந்த டாக்டரிடம் போனாலும் அதைக் காட்டுங்கள். மூச்சு வாங்கினால், வயிற்றுப்போக்கு நிற்காவிட்டால், காதில் சீழ் வந்தால் 'ரெண்டு நாள் பார்ப்போம்' என்று காத்திருக்க வேண்டாம். எல்லாக் குழந்தைக்கும் இப்படி ஆகும் என்று பயப்படவும் வேண்டாம். விழிப்பாக இருந்தால் போதும். விட்டுப்போன தடுப்பூசிகளை டாக்டரைக் கேட்டுப் போட்டு முடியுங்கள். 'ஏற்கெனவே அம்மை வந்தாச்சே' என்று தட்டம்மை-ரூபெல்லா ஊசியையும் விட்டுவிடாதீர்கள்.

எல்லாவற்றையும் கேட்ட பாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "எம் பொண்ணு வயித்துப் பேத்தி ஊர்ல இருக்கா. வர்ற வாரம் ஒம்பது மாசம் முடியுது. சளி இருந்தாலும் போடலாம்னீங்களே... இன்னிக்கே போன் போட்டுச் சொல்லிடறேன்" என்றார்.

இதைப் படித்து முடித்ததும் பீரோவைத் திறந்து, உங்கள் பிள்ளையின் தடுப்பூசி அட்டையை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். தட்டம்மைக்கு எதிரே இரண்டு தேதி இருக்கிறதா?