வெந்தயத் தண்ணி குடிச்சா அல்சர் ஆறிடுமா?

“ராத்திரி ஒரு ஸ்பூன் வெந்தயத்தை ஊறவைங்க. காலையில வெறும் வயித்துல குடிங்க. ஒரே வாரத்துல அல்சர் காலி!”

இப்படி ஒரு ரீல்ஸ் உங்க மொபைலுக்கும் வந்திருக்கும். நைட் ஷிஃப்ட், டைமுக்குச் சாப்பிடாத காலை, வயிறு எரிச்சல்னு ஓடிட்டிருக்கிற நமக்கு, உடனே சேவ் பண்ணத் தோணத்தான் செய்யும். ஆனா, இது எவ்வளவு உண்மை?

முழுப் பொய் இல்லை. ஊறவைத்த வெந்தயத்தில் வரும் கொழகொழப்பு, நீரில் கரையும் நார்ச்சத்து. அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை எலிகளிடம் சோதித்து, 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். எலிகளுக்கு ஆல்கஹால் கொடுத்து இரைப்பையில் புண்ணை உண்டாக்கியபோது, வெந்தயம் கொடுக்கப்பட்டவற்றுக்குப் பாதிப்பு குறைவாக இருந்தது.

ஆனால், ஆல்கஹால் ஊற்றியதும் எலிக்கு வரும் புண் வேறு. மனிதர்களுக்கு வரும் அல்சர் வேறு.

டென்ஷனும் காரமும்தான் அல்சருக்குக் காரணம் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் வேறொரு குற்றவாளியைப் பிடித்தார்கள். அது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. யாரும் நம்பாததால், 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இன்னொரு முக்கியக் காரணம், தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் நாமே வாங்கிப் போடும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள்.

கிருமிதான் காரணம் என்றால், ஆன்டிபயாடிக்குகளும் ஆசிட்டைக் குறைக்கும் மாத்திரையும் சேர்த்து, வழக்கமாக 14 நாள் கோர்ஸ். மாத்திரைதான் காரணம் என்றால், டாக்டரிடம் கேட்டு அதை மாற்ற வேண்டும். இந்த ரெண்டு வேலையையும் வெந்தயம் செய்யாது.

அப்போ, “எனக்குச் சரியாயிடுச்சே”ன்னு கமென்ட்ல சொல்றாங்களே? அல்சர் வலி வரும், போகும். சிலருக்குச் சாப்பிட்டதுமே அடங்கும். கொஞ்ச நாள் எரிச்சல் இல்லைங்கிறதுக்காகப் புண் ஆறிடுச்சுன்னு அர்த்தம் இல்லை. உள்ளே அது ஆழமாகி, ரத்தம் கசியலாம். ஓட்டையே விழலாம்.

மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, வயிறு திடீரென்று கடுமையாக வலித்தாலோ, உடனே மருத்துவமனைக்குப் போங்க. காரணமில்லாமல் எடை குறைந்தாலும் டாக்டரைப் பாருங்க.

எண்டோஸ்கோபின்னு பயந்து தள்ளிப்போடாதீங்க. எல்லோருக்கும் அது தேவைப்படாது. மூச்சை ஊதியோ, மலத்தைப் பரிசோதித்தோ கிருமி இருக்கான்னு தெரிஞ்சுக்கலாம். ஆசிட் மாத்திரை போடுறவங்க முன்னாடியே சொல்லிடுங்க, ரிசல்ட் மாறலாம்.

சுகர் மாத்திரையோ, ரத்தம் உறையாமல் இருக்க மருந்தோ எடுப்பவர்கள், தினமும் வெந்தயத் தண்ணி குடிக்கும் முன் டாக்டரிடம் கேட்பது நல்லது.

மத்தபடி, இட்லி மாவுலயும் குழம்புலயும் வெந்தயம் தாராளமா இருக்கட்டும். ரெண்டு வாரமா வயிறு எரியுதுன்னா மட்டும், ரீல்ஸை மூடிட்டு ஒரு அப்பாயின்ட்மென்ட் போடுங்க!