ஆடாதே என்றது சட்டம்!

விளையாட்டில் அரசியல் நுழையலாமா என்று வினவுவோர் உளர். அவர்களை அமெரிக்கத் தென்பகுதிக்கு, அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் நகருக்கு அழைக்கிறேன்.

அங்கே 1910-இல் திறக்கப்பட்ட ரிக்வுட் எனும் பேஸ்பால் களம் இருக்கிறது. அக்களத்தில் இரு அணிகள் ஆடின. ஒன்று பேரன்ஸ். பிரபுக்கள் என்று பொருள். 'சதர்ன் அசோசியேஷன்' எனும் இரண்டாம் நிலைத் தொடரில் ஆடிய வெள்ளையர் அணி. மற்றொன்று பிளாக் பேரன்ஸ், கறுப்பர் அணி. களம் ஒன்று, பந்து ஒன்று. எனினும் சேர்ந்தாட வழியில்லை! பேரன்ஸ் ஆட்டம் காண வந்த கறுப்பர்க்கு வலக்கோடியில் ஒதுக்கிடம்!

1948-இல் பிளாக் பேரன்ஸ் அணிக்கு ஆடினான் 17 வயதுப் பள்ளி மாணவன் வில்லி மேஸ். 1950-இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் அவனை அழைத்துக்கொண்டது, ஒப்பற்ற வீரனாயினான். தம் களத்திலேயே ஒளிவிட்ட மாணிக்கத்தைப் பேரன்ஸ் தொடவில்லை, நிறவெறி தொடவிடவில்லை!

அதே 1950-இல் நகர ஆட்சி என்ன செய்தது? கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து சீட்டாடக்கூடாது, பகடை ஆடக்கூடாது என்றிருந்த தடையைப் பேஸ்பாலுக்கும் நீட்டியது. 1954 தொடக்கத்தில் தடை தளர்ந்தது. மே 17-இல், பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாதென உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூன் 1-ஆம் நாளே வாக்கெடுப்பு நடத்தித் தடையை மீட்டனர்!

அந்நகரில் நெடுங்காலம் காவல்துறையை ஆட்டிவைத்தவர் யூஜின் கானர். வானொலியில் பேரன்ஸ் ஆட்டங்களை வருணித்துப் பெற்ற புகழையே ஏணியாக்கி அரசியல் ஏறியவர்! 1963-இல் உரிமை கேட்ட கறுப்பினச் சிறார்மீது நாய்களையும் தண்ணீர்ப் பீரங்கிகளையும் ஏவியவரும் அவரே! விளையாட்டில் அரசியல் இல்லையாம், தோழர்களே!

1947-இல் ஜாக்கி ராபின்சன் முதல்நிலைத் தொடரில் நுழைந்தார். சதர்ன் அசோசியேஷனோ அசையவில்லை. 1954-இல் அட்லாண்டா அணி நாட் பீப்பிள்ஸ் எனும் கறுப்பரை இரண்டே ஆட்டங்களில் இறக்கி, அப்பால் அனுப்பியது. அவருக்குப்பின் ஒருவருமில்லை. தொலைக்காட்சி கூட்டத்தைக் கலைத்தது உண்மை. கறுப்பு ரசிகரை விரட்டியது யார்? கறுப்பு இளைஞரை வளர்க்க விரும்பிய பெரிய அணிகளுக்கு வாயிலை அடைத்தது யார்? 1961-உடன் அத்தொடர் மடிந்தது. 1962, 1963 ஆண்டுகளில் பர்மிங்காமில் பேரன்ஸ் இல்லை. கறுப்பரோடு ஆடமாட்டேன் என்றவர்க்கு ஆட்டமே இல்லாமற் போயிற்று!

1963 ஜூலையில் பிரிவினைச் சட்டங்கள் நீங்கின. 1964-இல் பேரன்ஸ் மீண்டது, இரு நிறத்தாரும் சேர்ந்த அணியாக. வானம் இடிந்து விழவில்லை, பந்துதான் பறந்தது!

2024 ஜூன் 20-இல், மேஸ் மறைந்த இரண்டாம் நாள், அதே ரிக்வுட்டில் முதல்நிலை அணிகள் அவர் நினைவைப் போற்றி ஆடின. போற்றட்டும். ஆனால் மாலையைக் கண்டு மதிலை மறவாதீர்! பிரித்துவைப்பது மரபைக் காக்கவே என எவரேனும் சொன்னால் கேளுங்கள்: பர்மிங்காமில் அந்த மதில் எதைக் காத்தது?