பதினெட்டு வயதில் எழுதப்படும் தீர்ப்பு

ஹொக்கி என்றதும் எம்மவர் மனக்கண்முன் தோன்றுவன புற்றரையும் வளைந்த மட்டையும் வெண்பந்துமே. பனிக்கட்டியைக் குளிர்பானக் குவளையிலன்றி வேறெங்கும் கண்டிராத எமக்கு, அதன்மேல் இரும்பு அலகு பொருத்திய சப்பாத்துடன் சறுக்கியோடி, இறப்பர் வட்டொன்றைக் கோலினுட் செலுத்தும் கனேடிய விளையாட்டைப் பற்றி யாது அக்கறை என வினவுவோர் உளர். வினா நியாயமானதே. ஆயின் எம் உறவினர் பல்லாயிரவர் இன்று ரொறன்ரோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழ்கின்றனர். அவர்தம் பிள்ளைகளுட் சிலர் அப்பனித்தளங்களிலே விடியற்காலைகளைக் கழிக்கின்றனர். என் விடுதி நண்பரொருவரின் மைத்துனன் அத்தகையோன், வயது பதினாறு. அவனது ஆட்டத்தைப் பார்வையிட்ட எவரோ, 'இளையோர் மட்டத்தில் இவன் கெட்டிக்காரன்தான். ஆயின் இத்திறமை மேல்மட்டத்தில் எடுபடாது' எனக் கூறிவிட்டாராம். வணிக பீடத்தைச் சேர்ந்த என் நண்பர் அத்தீர்ப்பை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார். "அவர்கள் கணக்குப் பார்த்துத்தானே சொல்கிறார்கள், கணக்குப் பொய்க்குமா?" என்பது அவரது வாதம். அன்றிரவு எமக்கிடையே மூண்ட வாக்குவாதம் இன்னும் தணிந்தபாடில்லை. அவருக்கு நான் வாய்மொழியாகக் கூறத் தவறியவற்றை ஈண்டு எழுத்தில் வைக்கின்றேன்.

இளையோர் ஆட்டத்திற் காணப்படும் திறமை தொழின்முறை ஆட்டத்துக்குப் பெயருமா, பெயராதா என்ற வினாவே பிழைபட அமைந்த வினா என்பது எனது துணிபு. திறமை என்பதை ஒருவன் தன் பெட்டியிலிட்டு ஓரூரிலிருந்து மற்றோரூருக்குச் சுமந்து செல்லும் பண்டமாக அவ்வினா பாவனை செய்கின்றது. அப்பண்டம் வழியிற் கெட்டுப்போனாற் குற்றம் சுமந்தவனுடையது. பெட்டியைத் திறந்து விலை மதித்தவனுக்கு அதில் எவ்விதப் பொறுப்பும் இல்லை!

விடயத்தை அறியாதோர்க்கு அதன் அமைப்பைச் சுருங்கக் கூறுதல் வேண்டும். கனடாவில் ஒன்ராறியோ, கியூபெக், மேற்கு எனும் மூன்று பெரும் இளையோர் லீக்குகள் உள. பதினாறு முதல் இருபது வயதுவரையான இளைஞர்கள், பெரும்பாலும் பெற்றோரைப் பிரிந்து அந்நியர் வீடுகளில் தங்கியிருந்து, அவற்றில் ஆடுகின்றனர். மேற்கு லீக் தனக்கு வேண்டிய சிறுவர்களைப் பதினான்கு, பதினைந்து வயதிலேயே பெயர் குறித்துக் கொள்கின்றது. பின்னர், செப்டெம்பர் 15ஆந் திகதிக்குள் பதினெட்டு வயதை எய்துவோரைத் தேசிய ஹொக்கி லீக்கின் 32 கழகங்களும் ஆண்டுதோறும் ஏழு சுற்றுக்களில் முறைவைத்துத் தெரிவுசெய்கின்றன. இதுவே 'டிராஃப்ட்' என வழங்கும் ஆண்டுத் தெரிவு. மொத்தம் 224 பெயர்கள். முதலாவது பெயருக்கும் இருநூறாவது பெயருக்கும் இடையில் உள்ள தூரம் பணத்தாலும் வாய்ப்பாலும் மிகப் பெரிது.

இத்தெரிவுக்கு ஆதாரமாக அமைவது இளையோர் லீக்கில் ஒருவன் ஈட்டிய புள்ளிக்கணக்கு. கோல் ஒன்றுக்கு ஒரு புள்ளி. அக்கோலுக்கு உதவிய இருவர்வரைக்கும் ஒவ்வொரு புள்ளி. இப்புள்ளிகள் யாருடையவை? பத்தொன்பது வயதுடைய வலிய தோழரிருவருக்கிடையே ஆடிய பதினேழு வயதினன் பெற்ற புள்ளிகள் முழுவதும் அவனுடையவையா? எதிரணியில் ஒருவன் தண்டனை பெற்று வெளியேறிய வேளைகளில் எல்லாம் பயிற்றுநர் தளத்தில் இறக்கிவிடும் செல்லப்பிள்ளையின் புள்ளிகளும், அவ்வாய்ப்புக் கிடையாதவனின் புள்ளிகளும் ஒரே நிறையின ஆகுமா? இளையோர் தளமும் தொழின்முறைத் தளமும் நீளத்தால் 200 அடி, அகலத்தால் 85 அடியே. வட்டும் அதே வட்டுத்தான். ஆயின் பதினேழு வயதுப் பாதுகாவலன் விட்டுக்கொடுக்கும் இடைவெளியை முப்பது வயது மனிதன் விட்டுக்கொடுப்பதில்லை. இளையோனொருவன் வட்டைப் பெற்று, நிமிர்ந்து பார்த்து, எண்ணித் துணிவதற்குப் பெற்றிருந்த அவகாசம் அங்கே இல்லாதொழிகின்றது. ஆகவே பெயர்வது திறமையா என்று கேட்பதற்கு முன்னர், நாம் அளந்தது திறமையைத்தானா என்று கேட்டல் வேண்டாவோ?

1993ஆம் ஆண்டை நோக்குவாம். அவ்வாண்டு ஒட்டாவாக் கழகம் முதலாவதாகத் தெரிவுசெய்த அலெக்சாந்தர் டெய்க், கியூபெக் லீக்கில் முந்திய பருவத்தில் 53 ஆட்டங்களில் 137 புள்ளிகள் ஈட்டியவர். ஐந்தாண்டுகளுக்கு 12.25 மில்லியன் டொலர் ஒப்பந்தம் அவருக்கு வழங்கப்பட்டது. அவர் தேசிய லீக்கில் 616 ஆட்டங்கள் ஆடினார். பெற்றவை 327 புள்ளிகள். சாதாரண மனிதனொருவனுக்கு அது நல்வாழ்வு. அவருக்கோ அது தோல்வியெனப் பெயரிடப்பட்டது. இரண்டாவதாகத் தெரிவான கிறிஸ் புறொங்கரும் நான்காவதாகத் தெரிவான போல் கரியாவும் பின்னர் புகழ்மண்டபத்திற் சேர்க்கப்பட்டனர். இற்றைவரை ஏளனம் டெய்க்கின் பேரிலேயே நிகழ்கின்றது. பதினெட்டு வயதினனுக்கு அவ்விலை குறித்தோரின் பெயரை நினைவில் வைத்திருப்போர் எத்தனை பேர்?

இதன் மறுபக்கம் இன்னும் சுவையானது. 1984இல் லொஸ் ஏஞ்சலிஸ் கழகம் தனது நான்காஞ் சுற்றில், 69ஆவது இடத்தில், ரொம் கிளவின் என்பவரைத் தெரிவு செய்தது. அவர் தேசிய ஹொக்கி லீக்கில் ஓர் ஆட்டந்தானும் ஆடவில்லை; பேஸ்போல் வீசுநராகி அவ்விளையாட்டின் புகழ்மண்டபத்தை 2014இல் அடைந்தார். அதே கழகம் அதே தெரிவில் ஒன்பதாஞ் சுற்றுவரை காத்திருந்து, 171ஆவது இடத்தில், கியூபெக் லீக்கைச் சேர்ந்த இளைஞரொருவரை எடுத்தது. சறுக்கு வேகம் போதாது என ஒதுக்கப்பட்டிருந்த அவர்தாம் லூக் றொபிற்றாய். தேசிய லீக்கில் அவர் அடித்த கோல்கள் 668. இருபத்தாறாண்டுகளுக்கு முன்னர் நடந்தவற்றைப் பழங்கதை எனத் தள்ளிவிட நினைப்போர் 2014ஆம் ஆண்டுத் தெரிவைப் பார்க்கலாம் என எழுத எண்ணி, கணக்குப் பார்த்தேன். இருபத்தாறல்ல, நாற்பதாண்டுகளும் கடந்துவிட்டன. ஆயினும் 2014இலும் கதை அதுவே. மேற்கு லீக்கில் ஆடிய, உருவிற் சிறிய பிரேடன் பொயின்ற் 79ஆவது இடத்திலேயே பெயர் அழைக்கப்பட்டார். 2020இலும் 2021இலும் தம்பா அணி கிண்ணம் வென்றபோது அதன் முன்னணி வீரர்களுள் அவர் ஒருவர். 2022-23 பருவத்தில் 51 கோல்கள் அடித்தார்.

தனியாட்களின் கதைகள் ஆய்வாகமாட்டா என நண்பர் கூறுவார். உண்மை. எனவே ஆய்வுக்கே செல்வோம். கனேடிய உளவியலாளர் றொஜர் பார்ன்ஸ்லியும் அவர் துணைவியாரும் அல்பேர்ட்டா மாகாணத்தில் இளையோர் ஆட்டமொன்றுக்குச் சென்றிருந்த வேளை, நிகழ்ச்சிநிரலில் அச்சிடப்பட்டிருந்த வீரர்களின் பிறந்த நாட்கள் அவர்தம் கவனத்தை ஈர்த்தன. ஜனவரி, பெப்ரவரி, மார்ச் என அவை குவிந்து கிடந்தன. 1985இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை காரணத்தை விளக்கிற்று. கனடாவிற் சிறுவர் ஹொக்கிக்கு வயதெல்லை ஜனவரி முதலாந் திகதியிலிருந்து கணிக்கப்படுகின்றது. ஜனவரியிற் பிறந்தவனும் டிசெம்பரிற் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிறுத்தப்படுகின்றனர். ஒன்பது வயதில் பதினொரு மாத மூப்பு என்பது உயரத்திலும் நிறையிலும் பெரும் வேறுபாடு. மூத்தவன் திறமைசாலி எனக் கருதப்படுகின்றான். நல்ல அணி, நல்ல பயிற்றுநர், கூடுதலான ஆட்டங்கள் ஆகியன அவனுக்கு வாய்க்கின்றன. ஈற்றில் அவன் திறமைசாலியாகவே ஆகிவிடுகின்றான். முதலிற் பொய்யாக இருந்த தீர்ப்பு தன்னைத் தானே மெய்யாக்கிக் கொள்கின்றது.

இத்துடன் நின்றிருந்தால், 'எவ்வாறாயினும் அவர்கள் திறமைசாலிகள் ஆகிவிட்டனரே' என விட்டுவிடலாம். ஆயின் 2013இல் ரொபர்ட் டீனர் முதலியோர் வெளியிட்ட ஆய்வு, 1980 முதல் 2007 வரையான தெரிவுகளிற் பெயர் அழைக்கப்பட்ட கனேடியரை எடுத்துக்கொண்டு அவர்களது பிற்கால வாழ்வைத் தொடர்ந்தது. ஆண்டின் முதல் மூன்று மாதங்களிற் பிறந்தோர் தெரிவானோருள் 36 சதவீதத்தினர்; தேசிய லீக்கில் ஆடப்பட்ட ஆட்டங்களில் அவர்களது பங்கு 28 சதவீதமே. ஆண்டின் பிற்பாதியிற் பிறந்தோர் தெரிவானோருள் 34 சதவீதத்தினர்; ஆட்டங்களில் அவர்களது பங்கோ 42 சதவீதம். ஒரே இலக்கத்தில் தெரிவானோரை ஒப்புநோக்கினும், பிந்திப் பிறந்தோர் நிலைபேறான தொழில்வாழ்வை எய்தும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகக் காணப்பட்டது. பார்ன்ஸ்லியின் கட்டுரை வெளிவந்த பின்னரும் இருபதாண்டுகளுக்கு மேலாகக் கழகங்கள் அதே தவற்றைச் செய்து வந்தன என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. நண்பரிடம் அவர் மைத்துனன் எம்மாதத்திற் பிறந்தவன் எனக் கேட்டேன். நவம்பராம். கணக்குப் பார்த்துச் சொன்னவர் அதனையும் கணக்கிற் சேர்த்தாரா?

கணக்குப் பற்றியே மேலும் ஒரு வார்த்தை. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் கேப்ரியல் டெஸ்ஜார்டின்ஸ் என்பவர் ஒரு லீக்கின் புள்ளிகளை இன்னொரு லீக்கின் புள்ளிகளாக மாற்றும் முறையொன்றைப் பரவச் செய்தார். இதன்படி கனேடிய இளையோர் லீக்கில் ஒருவன் பெற்ற புள்ளிகள் தேசிய லீக்கில் மூன்றிலொரு பங்கிலும் சற்றுக் குறைந்த பெறுமதியுடையன. நாணயமாற்றுப் போன்ற இம்முறை பயனற்றதன்று. வெறுங்கண்ணை நம்புவதிலும் மேலானதே. ஆயின் அவ்விகிதம் எங்ஙனம் பெறப்பட்டது? கீழ்மட்டத்திலிருந்து மேல்மட்டத்துக்கு ஏற்றப்பட்டோரின் புள்ளிகளிலிருந்து. ஏற்றப்படாதோர் அக்கணக்கில் இல்லை. வாய்ப்புப் பெற்றோரை மட்டும் எண்ணிவிட்டு, வாய்ப்புப் பெறாதோரைப் பற்றி அவ்வெண்ணாற் பேசுதல் எத்தகைய அளவை நியாயம்?

வாய்ப்புத்தானும் திறமைக்கேற்பப் பங்கிடப்படுவதில்லை. கூடைப்பந்தாட்டத் துறையில் ஸ்ரோ, ஹோங் ஆகிய இருவர் 1995இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது: ஆட்டத்திறன் சமமாயிருப்பினும், முற்பட்ட இலக்கத்தில் தெரிவானவனுக்கே கூடுதலான நேரம் அளிக்கப்படுகின்றது. கொடுத்த விலை வீணாயிற்று என ஒப்புக்கொள்ள எவருக்குத்தான் மனம் வரும்? ஹொக்கிக் கழகத்தினர் கூடைப்பந்தாட்டக் கழகத்தினரிலும் அறத்தால் உயர்ந்தோர் என நம்புவதற்கு யாதொரு காரணத்தையும் யான் அறியேன்.

எதிர்வாதத்துள் வலிமை மிக்கதை மறைத்தல் நேர்மையன்று. சிட்னி குறொஸ்பி 2005இலும் கொனர் மக்டேவிட் 2015இலும் முதலாவதாகத் தெரிவாயினர். இருவரும் எதிர்பார்ப்பைப் பொய்ப்பிக்கவில்லை. முதற் சுற்றிற் தெரிவாவோர் பிற்சுற்றினரிலும் பொதுவாக மேம்படுகின்றனர் என்பதும் உண்மையே. இதனை நான் மறுக்கவில்லை. குன்றின்மேலிட்ட விளக்கைக் காண்பதற்குத் திறன் தேடுவோர் வேண்டியதில்லை. எனது வாதம் எஞ்சிய இருநூற்றுச் சொச்சம் பேரைப் பற்றியது. அவர்கள்பால் உள்ள அறியாமையை அறிவென விற்பதே கண்டிக்கத்தக்கது.

இனி, பதினெட்டு எனும் இவ்வயது எங்கிருந்து வந்தது? மருத்துவரோ உளவியலாளரோ வகுத்ததன்று. எழுபதுகளில் தெரிவு வயது இருபதாக இருந்தது. போட்டியாக எழுந்த உலக ஹொக்கிச் சங்கத்திலும் இருபது வயது விதியே இருந்தது. அதனை எதிர்த்துக் கென் லின்ஸ்மன் எனும் இளைஞர் 1977இல் அமெரிக்க நீதிமன்றத்தை நாடி வெற்றி கண்டார். அதன்பின் அச்சங்கத்தின் கழகங்கள் பதின்மவயதினரை வெளிப்படையாகவே சேர்த்தன. பதினேழு வயது வெய்ன் கிறெற்ஸ்கி 1978இல் அவ்வழியே தொழின்முறை ஆட்டத்துள் நுழைந்தார். 1979இல் அச்சங்கம் மறைந்தது. தேசிய லீக்கின் தெரிவு வயதோ அவ்வாண்டு பத்தொன்பதாகவும் 1980இல் பதினெட்டாகவும் இறங்கிற்று. சந்தையும் நீதிமன்றமும் குறித்த வயது அது. மனித உடலின் முதிர்ச்சி குறித்ததன்று. லின்ஸ்மன் கோரியது உழைக்கும் உரிமை. அவ்வுரிமை நியாயமானது. ஆயின் ஒருவன் வேலைசெய்ய உரிமை பெற்றமையால், அவன் வயதொத்த அனைவரையும் வரிசையில் நிறுத்தி இலக்கமிடும் உரிமை கழகங்களுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது?

கழகங்கள் தம் அறியாமையை அறியாதனவல்ல. டெய்க்கின் ஒப்பந்தம் போன்றவற்றாற் கைசுட்டுக்கொண்ட அவை, 1995இன் கூட்டு உடன்படிக்கையிலே புதியவர்களின் ஊதியத்துக்கு உச்சவரம்பு விதித்தன. கணிப்புப் பிழைத்தது முதலாளிகளுக்கு. ஊதியங் குறைந்தது அதன்பின் வந்த ஒவ்வோர் இளைஞனுக்கும். அதுமட்டுமன்று. இளையோர் லீக்கிலிருந்து தெரிவானவன் இருபது வயதுக்கு முன்னர் தேசிய லீக்கில் இடம்பெறல் வேண்டும், அன்றேல் இளையோர் லீக்குக்கே மீளல் வேண்டும். இரண்டிற்கும் இடைப்பட்ட அமெரிக்க லீக்கில் வளரந்தோருடன் ஆடிப் பழக அவனுக்கு அனுமதியில்லை என்ற விதி நெடுங்காலமாக நிலவிவந்தது. 2025இல் எட்டப்பட்ட உடன்படிக்கை இதனைச் சற்றே தளர்த்துகின்றது, அதுவும் கழகமொன்றுக்குப் பத்தொன்பது வயதினன் ஒருவனுக்கு மட்டும். படிக்கட்டை அகற்றிவிட்டு, 'இவனால் மாடிக்கு ஏற முடியவில்லை' என்பது என்ன நியாயம்?

தெரிவு வயதை மீண்டும் இருபதாக்குக. பதினெட்டில் ஆட விரும்புவோனும் அவனை விரும்பும் கழகமும் தாமாகவே ஒப்பந்தஞ் செய்துகொள்ள விடுக. இளையோர் லீக்கில் ஆடியவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்த அமெரிக்கப் பல்கலைக்கழக வாயிலும் 2025 ஓகஸ்ட் முதல் திறந்துவிடப்பட்டுள்ளமையால், காத்திருப்போருக்குப் போகுமிடம் இல்லை எனும் சாட்டும் இனிச் செல்லாது. இதனைக் கூறியபோது நண்பர், இரண்டாண்டுகள் தாமதித்தால் மலிவான விலைக்கு வீரரைப் பெறும் வாய்ப்பைக் கழகங்கள் இழக்குமே என்றார். வணிக பீடத்தவரிடமிருந்து இவ்வொப்புதலைப் பெற எனக்கு மூன்று இரவுகள் பிடித்தன.